போடியத்தின் நாலாவது கால்

மேடைக்காரருக்குத் தலைவரின் முகத்தைவிடக் காலடிச் சத்தம்தான் நன்றாகத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாகத் தலைவரின் பேச்சை அவர் மேடைக்கு அடியில் உட்கார்ந்துதான் கேட்டிருக்கிறார்.

வேலை அப்படி. இருபது பேர் நிற்கக் கட்டிய மேடையில் கூட்டத்தன்று நாற்பது பேர் ஏறுவார்கள். மாலை போட ஒருத்தன், மாலை போடுகிறவன் விழாமல் பிடித்துக்கொள்ள ஒருத்தன், அந்த இரண்டு பேருக்கும் நடுவில் போட்டோவுக்குத் தலையை நீட்ட ஒருத்தன். இறங்கச் சொன்னால் எவனும் இறங்க மாட்டான். அதனால் கூட்டம் முடிகிறவரை கட்டினவர்களில் ஒருத்தர் அடியில் இருந்தாக வேண்டும். மடியில் ஸ்பேனரும் சுத்தியலும் இருக்கும். எந்த போல்ட் முனகுகிறதோ அங்கே தவழ்ந்து போய் முறுக்க வேண்டும். கூட வேலை செய்கிற ஆட்கள் இதற்கு முகம் சுளிப்பார்கள். மேலே நிற்கிறவன் துப்பினால் பலகைச் சந்து வழியாகக் கீழே இருக்கிறவன் தலையில்தான் விழும். மேடைக்காரர் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போய் உட்காருவார். வீட்டுக்குப் போய் என்ன செய்ய? அங்கே இன்னொரு குரல் கேட்டு ஆறு வருஷம் ஆகிறது.

அவர் குடியிருந்த தெரு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சந்தை, ஓட்டுச்சாவடி எல்லாம் இந்தப் பக்கம். நடுவில் ரயில்வே கேட். மனைவிக்கு நெஞ்சுவலி வந்த அன்றைக்கு மத்தியானம் கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி ஒன்று வந்து, பாதி தாண்டி, சிக்னலுக்காக நின்றுவிட்டது. ஆட்டோவில் அவர் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தவள், வண்டி கிளம்பிவிட்டதா என்று மூன்று தடவை கேட்டாள். நாலாவது தடவை கேட்கவில்லை.

அந்த இடத்தில் ஒரு மேம்பாலம் வரும் என்று நாலு தேர்தலாகத் தலைவர் சொல்லிக்கொண்டிருந்தார். அடிக்கல்கூட நட்டாயிற்று. அந்த விழாவுக்கும் மேடை போட்டது இவர்தான். கல் இன்னும் அங்கேயே நிற்கிறது. தெருப் பெண்கள் அதன்மேல் போர்வை காயப்போடுகிறார்கள். இவ்வளவுக்கும் மேடைக்காரர் தலைவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் நல்ல மனுஷன், சுற்றியிருக்கிறவர்கள்தான் விட மாட்டேன் என்கிறார்கள் என்று டீக்கடையில் சட்டையைப் பிடிக்கிற அளவுக்குச் சண்டை போட்டிருக்கிறார். இந்த ஆள் விரலை வெட்டித் தனியாக அனுப்பினாலும் அது போய் அதே சின்னத்தைத்தான் அமுக்கும் என்று தெருவில் கேலி பேசுவார்கள்.

இந்தத் தடவை தேர்தல் அறிவித்ததும் கட்சியின் வட்டச் செயலாளர் ஒரு யோசனை சொன்னான். அவனை எல்லாரும் வட்டம் என்றே கூப்பிடுவார்கள்; ஆளும் அப்படித்தான் இருப்பான். தெரு முழுக்கக் கையெழுத்து வாங்கி ஒரு மனு கொண்டுவந்தால் மேடையிலேயே தலைவர் கையில் கொடுத்துவிடலாம், அத்தனை பேர் முன்னால் வாங்கினதைத் தட்ட முடியாது என்றான்.

மேடைக்காரர் ஒன்றரை மாதம் வீடு வீடாக ஏறி இறங்கினார். ஆறு வருஷமாக யார் வீட்டுக் கதவையும் தட்டாதவர், வேலை விட்டு வந்ததும் முகம் கழுவி, வெளுத்த சட்டை போட்டு, பேனாவும் காகிதமுமாகக் கிளம்பினார். யாரும் இல்லை என்று சொல்லவில்லை. உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், டீ கொடுத்தார்கள். கண் தெரியாத ஒரு கிழவர் கட்டைவிரலை நீட்டிக்கொண்டு அரைமணி நேரம் தன் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார். இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்துச் சேர்ந்தது. கடைசிக் கையெழுத்து எதிர்வீட்டுத் தையல்காரியுடையது. பல்லில் நூலைக் கடித்துக்கொண்டே போட்டாள்.

"உங்க முகத்துக்காகப் போடுறேண்ணே. அவரு முகத்துக்கு இல்ல."

"யாருக்காகப் போட்டா என்னம்மா, பாலம் வந்தாச் சரி. நான் பொறுப்பு" என்றார் மேடைக்காரர். அதையே ஒவ்வொரு வீட்டிலும் சொல்லியிருந்தார்.

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். காலையிலிருந்தே அவருக்குக் கை ஓடவில்லை. மனுவை மடிக்காமல் பிளாஸ்டிக் உறையில் வைத்து, சட்டைக்குள் நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்தார். நிமிடத்துக்கு ஒரு தடவை அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மேடை வேலையில் கடைசி வேலை போடியத்தை நிறுத்துவது. பலகைகள் சேருகிற இடத்தில் எப்போதும் ஒரு காலுக்குத் தரை கொஞ்சம் தாழ்ந்திருக்கும். அந்தக் காலுக்கு அடியில் விரல் கனத்துக்கு ஒரு மரச்சக்கை வைக்க வேண்டும். வைத்துவிட்டு, பேசுகிறவர் மாதிரியே இரண்டு முழங்கையையும் ஊன்றி ஆட்டிப் பார்க்க வேண்டும். சக்கையை அவர் சட்டைப்பையில் எடுத்து வைத்துக்கொண்டார். போடியத்தைத் தூக்கி நிறுத்தினார். குனியப் போன நேரத்தில் வட்டம் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தான்.

"அண்ணே, மனு எங்க? வண்டி திருப்பத்துக்கு வந்துருச்சு."

மேடைக்காரர் சட்டைக்குள் கைவிட்டு உறையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். அதற்குள் ஜனம் நெருக்கிக்கொண்டு வந்துவிட்டது. அவர் பின்பக்கமாக இறங்கி, துணியை விலக்கி, அடியில் புகுந்துகொண்டார்.

தலைவர் ஏறியதும் பலகை சொல்லிவிட்டது. இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைப்பார். தானாகப் பேசும்போது வலது குதிகால் தட்டிக்கொண்டே இருக்கும். யாரோ எழுதிக் கொடுத்ததைச் சொல்லும்போது இரண்டு காலும் அடித்து வைத்த முளை மாதிரி நிற்கும். மேலே கைதட்டல், கேமரா வெளிச்சம். மனு கைமாறுகிறது என்று மேடைக்காரர் நினைத்துக்கொண்டார். பிறகு தலைவர் போடியத்தில் கை ஊன்றினார்.

டொக்.

மேடைக்காரரின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. சக்கை அங்கேயே இருந்தது.

இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி நடந்ததில்லை. டொக், டொக் என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் போடியம் ஆடியது. மைக்கில் அந்தச் சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது. எங்கோ ஒரு கும்பல் சிரித்தது. மேலே போக வழியில்லை. படியை மறித்துக்கொண்டு நூறு பேர். போடியத்தின் கால் எந்தப் பலகையில் நிற்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியும். அதற்கு நேர்கீழே போய், முழங்காலை ஊன்றி, தோளைக் கொடுத்துப் பலகையை மேலே நெம்பினார். ஆட்டம் குறைந்தது. கழுத்து நரம்பு புடைக்க, பல்லைக் கடித்துக்கொண்டு, பத்து நிமிஷம் தலைவரின் பேச்சைத் தோளில் தாங்கினார். மனுவை வாங்கிக்கொண்ட மனுஷன் எரிச்சலாகிவிடக் கூடாதே என்பதுதான் அவருடைய கவலையெல்லாம்.

மேலே யாரோ குனிகிற சத்தம் கேட்டது. எதையோ உள்ளே செருகினார்கள். போடியம் அசையாமல் நின்றது. யார் பெற்ற பிள்ளையோ, நன்றாக இருக்கட்டும் என்று வாழ்த்திவிட்டு மேடைக்காரர் தோளை எடுத்தார்.

அப்போதுதான் தலைவர் மனுவைப் பற்றிச் சொன்னார். "அந்தப் பக்கத்து மக்கள் என்கிட்ட ஒரு மனு குடுத்தாங்க. அதை நான் கையில வாங்கல. நெஞ்சில வாங்கியிருக்கேன்."

விசில் பறந்தது. இருட்டான அந்த நாலடி உயரத்தில் மேடைக்காரர் சுத்தியலைப் பிடித்துக்கொண்டு அழுதார். குதிகால் தட்டவில்லை. அது அவர் காதில் விழாமல் இல்லை. அதைக் கவனிக்க அன்றைக்கு அவருக்கு மனசில்லை.

கூட்டம் கலைந்து, விளக்குகளை இறக்கி, மேடையைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். போடியத்தை அவரே தூக்கினார். நாலாவது காலுக்கு அடியில் ஒரு காகிதக் கற்றை எட்டாக மடித்து வைத்திருந்தது. மேல்மடிப்பில் தையல்காரியின் கையெழுத்து. அதன்மேல் காலின் அச்சு சதுரமாகப் பதிந்திருந்தது.

வட்டம் நாற்காலிகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தான். மேடைக்காரர் போய் அவன் முன்னால் காகிதத்தை நீட்டினார். அவன் நாற்காலியைக் கீழே வைத்தான்.

"ஆடுச்சுண்ணே. தலைவரு ரெண்டு தடவ திரும்பி என்னை மொறச்சாரு. என் கையில அதுதான் இருந்துச்சு."

"உன் கையில எப்படி இருந்துச்சு?"

"வாங்கி, போட்டோ எடுத்துட்டு என்கிட்டயே குடுத்துட்டாரு. எப்பவும் அப்படித்தான்."

"நெஞ்சில வாங்கியிருக்கேன்னு சொன்னாரே."

"அது போற எடமெல்லாம் சொல்றதுதான்ணே." வட்டம் இன்னொரு நாற்காலியைத் தூக்கினான். பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "நீங்க சக்கைய வச்சிருந்தா நான் ஏன்ணே இத வைக்கப்போறேன்?"

மேடைக்காரரின் சட்டைப்பையில் சக்கை இன்னும் அப்படியே இருந்தது. அவன் சொன்னது உண்மை.

வீட்டுக்கு நடந்தபோது கேட் மூடியிருந்தது. தைத்த துணிகளைக் கொடுத்துவிட்டு வெறும் பையோடு தையல்காரி அங்கே நின்றுகொண்டிருந்தாள். குடுத்தாச்சா என்று கேட்டாள். அவர் மடிப்பைப் பிரித்துக் காட்டினார். நடந்ததை, தன் தப்பையும் சேர்த்து, ஒன்றுவிடாமல் சொன்னார். இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டு வாசலிலும் பொறுப்பு என்று சொன்னவன் நான், இனி எந்த மூஞ்சியோடு அந்தத் தெருவில் நடப்பேன் என்றார்.

அவள் கோபப்படுவாள் என்று காத்திருந்தார். அவள் காகிதத்தைத் தடவி, தன் பெயர்மேல் இருந்த அச்சைப் பார்த்தாள்.

"நல்லாத்தான் தாங்கியிருக்கு" என்றாள். அவர் சிரிக்காததைக் கண்டு குரலை மாற்றிக்கொண்டாள். "அவரு பாலம் கட்டுவாருன்னு எங்கள்ல ஒருத்தரும் நம்பலண்ணே. அண்ணி போனதுக்கப்புறம் நீங்க தலை நிமிந்து நடந்து யாரும் பாக்கல. நீங்களா வந்து கதவத் தட்டி நின்னீங்க. இல்லன்னு எப்படிச் சொல்றது?"

ரயில் வந்தது. அவர் காகிதத்தைத் திரும்ப மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

ஏமாந்தது தெரு என்று நினைத்திருந்தார். தெருவுக்கு எல்லாம் முன்னாலேயே தெரிந்திருக்கிறது. ஏமாந்தது ஒரே ஒரு ஆள்தான். அந்த ஒரு ஆளுக்காக இருநூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். தலைவர் மனுவைத் திருப்பிக் கொடுத்ததைவிட இதுதான் அவரை அதிகமாக அறுத்தது.

ஓட்டுப்போடுகிற அன்றைக்கு அவர் வழக்கம்போல வெளுத்த சட்டை போட்டுக்கொண்டுதான் கிளம்பினார். கேட் மூடியிருந்தது. தெருக்காரர்கள் சீட்டும் கையுமாக வெயிலில் நின்றார்கள். தண்டவாளத்துக்கு எதிர்ப்பக்கம் கொடி கட்டிய ஆட்டோவோடு வட்டம் நின்றிருந்தான். இவரைக் கண்டதும், "அண்ணே, குனிஞ்சு வந்துருங்க, ஒரு நிமிஷ வேலை" என்று கத்தினான். மேடைக்காரர் குனியவில்லை. மனைவி போனதிலிருந்து அந்தக் கேட்டின் அடியில் அவர் குனிந்து போனதில்லை.

ரயில் போனது. கேட் ஏறியது. ஜனம் இரண்டு பக்கமிருந்தும் பாய்ந்தது. அவர் ஓரமாக ஒதுங்கி, அடிக்கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். யார்மேலும் கோபம் இல்லை. வேறு யாருக்காவது போடலாமா என்று நினைத்துப் பார்த்தார். எதிர்க்கட்சி மேடைக்கு அடியிலும் உட்கார்ந்தவர் அவர். அங்கேயும் குதிகால் தட்டாத இடங்கள் அவருக்கு மனப்பாடம். கூட்டம் வடிந்து, கேட் திரும்ப இறங்குகிறவரை நின்றார். பிறகு வீட்டுப் பக்கமே திரும்பி நடந்தார்.

தெரு காலியாகக் கிடந்தது. வெயில் தாழ்ந்ததும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள், விரலில் மையோடு. மேடைக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். போன மாதம் இந்த நேரத்துக்கு எந்த வீட்டில் உட்கார்ந்திருந்தோம் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. முழங்கால் வலிக்காரக் கிழவருக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று தெரியவில்லை. போய்க் கேட்கலாம். என்ன சொல்லிக்கொண்டு போவது? கையில் காகிதம் இல்லாமல் ஒரு வீட்டுக் கதவைத் தட்டி அவருக்குப் பழக்கமில்லை.

எதிர்வீட்டில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் செருப்பைப் போட்டார், கழற்றினார், திரும்பவும் போட்டார். தெருவைக் கடந்து போய்க் கதவுக்கு முன்னால் நின்றார். தட்டத் தூக்கிய கை அப்படியே நின்றது. இறக்கிவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்த நேரத்தில் மெஷின் நின்றது. அவருடைய நிழல் கதவுக்கு அடியில் விழுந்திருக்க வேண்டும்.

"யாரு?"

"நான்தான்மா."

"என்னண்ணே, இன்னொரு கையெழுத்தா?"

"இல்ல. சும்மாதான்."

கதவு திறந்தது. விரலில் மை இருந்தது. யாருக்குப் போட்டாள் என்று அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. முக்காலி ஒன்றைக் காலால் அவர் பக்கம் தள்ளிவிட்டு அவள் மெஷினுக்குத் திரும்பினாள். மேடைக்காரர் உட்கார்ந்தார். மெஷின் ஓடியது. தூரத்தில் கேட் மூடுகிற மணி அடிக்க ஆரம்பித்தது.