வாலில் நான்கு அங்குலம்

வெர்னா ஹேகன் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக விமானக் கொட்டகைக்கு வந்துவிட்டாள். ஒரு கையில் தையல் டேப், இன்னொரு கையில் கணவன் எமெட்டின் அளவு நோட்டு. எட்டு நாளாக ஒழுங்காகத் தூங்காத முகம்.

"மிஸ்டர் டெஷ், உங்க விமானத்தோட வாலைக் கொஞ்சம் அளந்துக்கணும். எமெட் அனுப்பினார்."

லோவெல் டெஷ் தன்னையறியாமல் வாலுக்கு முன்னால் வந்து நின்றார். அதற்குக் காரணம் இருந்தது.

மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. இருவர் உட்காரும் அந்தக் குட்டி விமானத்தை வரைந்தவரே அவர்தான். அவருடைய வரைபடக் கட்டை வரவழைத்து, விஸ்கான்சினிலிருந்து டெக்சாஸ் வரைக்கும் ஆட்கள் கார் ஷெட்டிலும் மாட்டுக் கொட்டகையிலும் குளிர்காலம் முழுக்க மரத்தை இழைத்துக்கொண்டிருந்தார்கள். கட்டின் முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தார்: 'இதில் ஒரு நூல்கூட மாற்றாதே. மாற்றினால் டெஷ் விமானம் என்று சொல்லிக்கொள்ளாதே.' தலைக்கனம் கொஞ்சமா நஞ்சமா!

எமெட் ஹேகன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர். கிராமங்களுக்குக் காரில் தபால் கொண்டுபோகும் வேலை அவருக்கு. ஐந்து குளிர்காலம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கட்டினார். இறக்கைக்கும் வாலுக்கும் துணி தைத்து ஒட்டியது வெர்னா. கடைசி வருடம் ஒரே ஒரு சந்தேகம் வந்தது. புருஷன் பெண்டாட்டி இருவருமே நல்ல கனம். வரைபடத்தில் சொன்ன அறுபத்தைந்து குதிரைசக்தி எஞ்சின் இழுக்குமா? நூறு குதிரை போட்டால் தவறா? டெஷ்ஷுக்குக் கடிதம் எழுதினார். கார்டில் பதில் வந்தது: 'தாராளமாகப் போடலாம். வேறு எதையும் மாற்ற வேண்டாம்.'

அந்தக் கார்டை எழுதியபோது டெஷ்ஷின் சொந்த விமானத்தில் நூறு குதிரை எஞ்சின் ஏறி ஒரு வருடம் ஆகியிருந்தது. அதை ஏற்றிய பிறகு முதல் ஓட்டத்திலேயே மூக்கு இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போனது. வலது பெடலைத் தரை தட்ட மிதித்தும் அடங்கவில்லை. மைதானம் அகலம், பிழைத்தார். பின்னால் நிமிர்ந்து நிற்கும் வாலையும், அதில் கீல் போட்டு, பெடலை மிதித்தால் ஆடும் சுக்கானையும் நான்கு அங்குலம் உயர்த்தினார். விமானம் சொன்ன பேச்சு கேட்டது.

அத்தோடு ஊருக்குச் சொல்லியிருக்க வேண்டாமா? விமானம் கட்டுகிறவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓர் இதழ் அனுப்புவார். அதற்காக அவர் மனைவி ஆர்டிஸ் திருத்தத்தைத் தட்டச்சு செய்துகூட வைத்தாள். அந்த நேரம் பார்த்து அயோவாக்காரர் ஒருவர், டெஷ் வரைந்த வால் போதாது என்று பத்திரிகையில் எழுதித் தொலைத்தார்.

"இப்ப இதைப் போட்டா அந்த ஆள் சொன்னதுதான் சரின்னு ஆயிடும்," என்றார் லோவெல். "அடுத்த இதழ்ல பார்க்கலாம்."

"அதுக்குள்ள யாராவது பறந்துட்டா?"

"அஞ்சு வருஷம் ஆறு வருஷம் இழுத்துக்கிட்டுக் கட்டுற பசங்க. மூணு மாசத்துல எவன் பறக்கப் போறான்?"

மூன்று மாதம் ஆறானது, ஆறு பன்னிரண்டானது. ஆர்டிஸ் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் விட்டுவிட்டாள். விமானம் கட்டுகிறவர்கள் கூடும் கோடைக் கூட்டத்துக்கு அவர் அந்த விமானத்தைக் கொண்டுபோவதையே நிறுத்திக்கொண்டார். அங்கே வருகிறவன் ஒவ்வொருவன் பாக்கெட்டிலும் டேப் இருக்கும். அடுத்தவன் விமானத்தை அளந்து பார்க்காமல் நகர மாட்டான்.

எட்டு நாளுக்கு முன் எமெட் முதல்முறையாகக் கிளம்பினார். இடப்பக்கம் கொஞ்சம் காற்று. விமானம் இடப்பக்கம் திரும்பி, புல் ஓடுபாதையைத் தாண்டி, ஓரத்து வாய்க்காலில் மூக்கு குத்திக்கொண்டது. எஞ்சின் பின்னுக்கு வந்து பெடலை நெரித்தது. ஆஸ்பத்திரியில் வலது பாதத்தை எடுத்துவிட்டார்கள். செய்தி மறுநாளே டெஷ் காதுக்கு வந்தது.

"இந்த நுனியைப் பிடிச்சுக்குங்க," என்றாள் வெர்னா.

டெஷ் பிடித்துக்கொண்டார். அவள் குனிந்து டேப்பை அடிவரைக்கும் இழுத்து, நகத்தால் அழுத்திப் படித்தாள். நாற்பத்தொன்பது. நோட்டைப் புரட்டினாள். இன்னொருமுறை அளந்தாள்.

"எங்களோடது நாற்பத்தஞ்சு. வரைபடக் கட்டு விமானத்துக்குள்ளயே இருந்து வாய்க்கால்ல ஊறிப் போச்சு, ஒத்துப் பார்க்க உங்களோடதுதான் இருக்கு. அப்ப அவர்தான் வெட்டும்போது பிசகிட்டார்." பெருமூச்சு விட்டாள். "ராத்திரி பகல்னு இல்லாம அதே புலம்பல், மிஸ்டர் டெஷ். பெடலை லேட்டா மிதிச்சேனா, வாலைச் சின்னதா கட்டிட்டேனான்னு. இனிமே ஒரு பதில் இருக்கு. உங்ககிட்ட மன்னிப்பு கேட்கச் சொன்னார். உங்க விமானத்துக்குக் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்துட்டாராம்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். எல்லாம் இங்கேயே முடிந்துவிடும். டெஷ்ஷும் மூடிக்கொண்டுதான் இருந்தார், அதையும் சொல்லிவிட வேண்டும். அவள் டேப்பைச் சுருட்டி, வெளியே நடந்து, கார்க் கதவைத் திறக்கும்வரை டேப் பிடித்த கையை இறக்காமல் நின்றார். மன்னிப்பு என்ற அந்தச் சொல்தான் அவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியது.

"வெர்னா! அவர் சரியாத்தான் கட்டியிருக்கார். வரைபடத்துல நாற்பத்தஞ்சுதான். இதை நான் மாத்தினேன்."

அவள் திரும்பினாள். "எப்ப?"

"ரெண்டு வருஷம் ஆச்சு."

"நீங்க கார்டு போட்டது போன வருஷம்."

"ஆமா."

அவள் கத்தினால் தேவலை என்று இருந்தது அவருக்கு. அவள் கத்தவில்லை. பக்கத்துச் சீட்டில் கிடந்த கணவனின் துணி மூட்டையை எடுத்துப் பின்னால் போட்டாள்.

"ஏறுங்க. நீங்களே அவர்கிட்ட சொல்லுங்க. இதை என் வாயால நான் சொல்ல மாட்டேன்."

வழி முழுக்க டெஷ் மனசுக்குள் வாக்கியங்களைக் கோத்துக்கொண்டு போனார். அயோவாக்காரரைப் பற்றி ஒன்று, காற்றைப் பற்றி ஒன்று. ஆஸ்பத்திரி அறைக்குள் நுழைந்து, போர்வைக்கடியில் ஒரு பக்கம் குட்டையாக முடிந்திருந்த காலைப் பார்த்ததும் அத்தனையும் ஓடிப்போயின.

எமெட் முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார். "மிஸ்டர் டெஷ்! நீங்க எதுக்கு இவ்வளவு தூரம் வந்தீங்க? வெர்னா, அவருக்கு அந்த நாற்காலியைப் போடு."

டெஷ் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். எஞ்சின் மாற்றியது, பெடல் போதாமல் போனது, வாலை உயர்த்தியது, சொல்லாமல் விட்டது. ஏன் சொல்லவில்லை என்பதையும் சொன்னார். வாய்விட்டுச் சொல்லும்போது அது எவ்வளவு சின்னக் காரணம் என்று அவருக்கே கூசியது. அழுகை வந்தது. இங்கே அழவும் தனக்கு உரிமை இல்லை என்று அடக்கிக்கொண்டார்.

எமெட் போர்வைக்கு மேலாகத் தன் வலது முழங்காலைத் தடவினார்.

"அப்ப நான் லேட்டா மிதிக்கலை."

"இல்லை. நீங்க முழுசா மிதிச்சிருக்கீங்க. அந்த வாலுக்கு அவ்வளவுதான் பலம்."

"அதை உசத்த உங்களுக்கு எத்தனை நாள் பிடிச்சது?"

"ரெண்டு சாயங்காலம்."

"ரெண்டு சாயங்காலம்," என்றார் எமெட். மனைவியைப் பார்த்தார். "மரவேலை எனக்கு ஒரு சாயங்காலம். துணி ஒட்ட உனக்கு ஒண்ணு. அஞ்சு வருஷம் செஞ்சோம், இதைச் செய்ய மாட்டோமா?"

வெர்னா அவர் தோளில் கை வைத்தாள். இப்போதுதான் அவளுக்குக் கண் நிறைந்தது. திட்டட்டும், எதை வேண்டுமானாலும் சொல்லட்டும், வாங்கிக்கொள்வோம் என்று டெஷ் கட்டிலின் கால்மாட்டில் தலை குனிந்து நின்றார்.

"நூறு குதிரை போடலாம்னு எத்தனை பேருக்குக் கார்டு போட்டீங்க?" என்றார் எமெட்.

"உங்களைத் தவிர பதினோரு பேர்."

"அவங்களுக்குச் சொல்லியாச்சா?"

டெஷ் இல்லையென்று தலையசைத்தார்.

"நான் விழுந்து எட்டு நாள் ஆச்சு," என்றார் எமெட். இதுவரை ஒருமுறைகூட மரியாதை குறைக்காமல் பேசிய மனிதர். "அப்புறம் இங்க எதுக்குய்யா நிக்கிற நீ?"