அறிவரசனின் மறைவு தேதி

குன்னத்து அறிவரசன், செத்துப்போன நாற்பதாம் நாள், பெரம்பலூரிலிருந்து வந்த பதினோரு மணி பஸ்ஸில் இறங்கி வீட்டுக்கு நடந்து வந்தான். கண்டக்டர் டிக்கெட் கேட்கவில்லையாம். மனைவி வெற்றிச்செல்வி சோறு போட்டாள், அவன் தொடவில்லை. கையைப் பிடித்துப் பார்த்தாள். ஐஸாக இருந்தது. செத்துட்டேன் புள்ள என்றான். தகவலே இல்லாமல் மாதக்கணக்கில் அழுது தீர்த்திருந்ததால் அவளுக்கு அப்போது அழுகை வரவில்லை.

நடந்ததை அவனே சொன்னான். மக்காச்சோளம் அடிக்கும் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவனை, ராசாங்கம் என்கிற ஏஜென்ட், குளிர் தேசம் ஒன்றில் குடோன் வேலை என்று சொல்லிப் போன சித்திரையில் விமானம் ஏற்றினான். போய் இறங்கியதும், படிக்கத் தெரியாத பாஷையில் இருந்த காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பதினைந்து நாள் பயிற்சி, பிறகு ஒரு துப்பாக்கி. யாருக்கும் யாருக்கும் சண்டை என்பதே அவனுக்குச் சரியாக விளங்கவில்லை. பதுங்குகுழி வெட்டினான். அவன் சுட்ட ஒரே குண்டு ஒரு பூசணிக்காயில் பட்டது. ஆவணியில், உருளைக்கிழங்கு போட்டுவைக்கும் நிலவறையில் ஒளிந்திருந்தபோது எதிராளிகள் பிடித்துக்கொண்டார்கள். சிறைமுகாமில் மார்ச்சளி முற்றியது. கைதிகளை மாற்றிக்கொண்ட அன்று இரண்டு பட்டியலிலும் அவன் பெயர் இல்லை. மற்றவர்கள் லாரியில் ஏறுவதைக் கம்பிக்கு உள்ளே நின்று பார்த்தான். தை மூன்றாம் தேதி காலையில் செத்தான். புதைக்க யாரும் வராததால் எழுந்து நடந்தான்.

ஊர் கூடி அவனைப் புதைத்தது. விடிந்து போய்ப் பார்த்தால் மேட்டின்மேல் உட்கார்ந்திருந்தான். இன்னும் இரண்டடி ஆழமாக வெட்டினார்கள். அப்போதும் மண் வாங்கவில்லை. செத்தது எங்கேயாவது எழுத்தில் இருக்க வேண்டும் என்றார் குழி வெட்டிய முத்துவேல்.

அவன் வெற்றிச்செல்வியோடு போய் நின்ற ஆபீஸ் எது என்பது இங்கே வேண்டாம். அதிகாரி நல்ல மனிதர். நாடி பிடித்துப் பார்த்தார்; இல்லை.

"செத்த ஊர்லேருந்து லெட்டர் வேணும்மா. ஆளு வேற எதிர்ல நிக்கிறாரு, நான் எப்புடி எழுதறது?"

எழுதிப்போட்டார்கள். பங்குனியில் பதில் வந்தது. சேர்த்துக்கொண்ட படை, அவன் இன்னும் பணியில் இருப்பதாகச் சொன்னது. பிடித்துவைத்த படை, அப்படி ஒருவனைப் பிடிக்கவே இல்லை என்றது. அதுவரை அறிவரசன் பருத்திக் காட்டு வரப்பில் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு வேண்டியிருந்தது தூக்கம் மட்டும்தான்.

வெற்றிச்செல்வி அவனைப் பெரம்பலூரில் கலைமணியின் ஃப்ளெக்ஸ் கடைக்குக் கூட்டிப்போனாள். கண்ணீர் அஞ்சலி பேனர், ஆறடிக்கு நாலடி. மறைவு தேதியைக் கலைமணி அவனிடமே கேட்டுக்கொண்டான். பிறகு, போர்வீரர் என்று போடவா என்றான்.

"வேணாங்க. மெஷின் ஓட்டுனவன்னு போடுங்க" என்றான் அறிவரசன்.

"கைதியா இருந்து செத்தாருன்னும் போடுங்க. அது நடந்துச்சுல்ல" என்றாள் வெற்றிச்செல்வி.

பஸ் நிறுத்தத்தில் பேனரைக் கட்டினார்கள். அறிவரசன் அதை ஒருமுறை முழுக்கப் படித்தான். பிறகு நடந்துபோய், வெட்டிவைத்த குழியில் தானே இறங்கிப் படுத்தான். மண்ணை அவள்தான் தள்ளினாள்.

மறுநாள் மதியம் வரை பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தாள். அவன் வரவில்லை. பருத்தி வெடித்துக் கிடந்தது. எழுந்து எடுக்கப் போனாள்.