கட்டைவிரலும் மட்டக் கோடும்

செம்பியனுக்குச் சிதம்பரத்தில் வேலை, அவர் மனைவி லோகநாயகிக்குக் கடலூரில். அதனால் நடுவில் குறிஞ்சிப்பாடியில் வீடு கட்டினார்கள். தரை போடுவதற்காக மேஸ்திரி சின்னையன் எல்லா அறைச் சுவரிலும் ஒரே மட்டத்தில் கோடு போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அதைச் சரிபார்க்க, தண்ணீர் நிரப்பிய டியூபின் ஒரு முனையோடு லோகநாயகி சமையலறையில் நின்றாள். மறுமுனையைச் செம்பியன் கூடத்துக்குக் கொண்டுபோனார். டியூபின் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும் என்பதால், இரண்டு கோட்டிலும் அது நின்றால் மட்டம் சரி.

"தண்ணி கோட்டுல நிக்குதா லோகு?"

"நிக்குதுங்க."

"இங்க நாலு விரல் மேல நிக்குதே!"

மறுபடி பார்த்தார்கள். இம்முறை கூடத்தில் கோட்டுக்குக் கீழே நின்றது. செம்பியன் போனில் மேஸ்திரியைத் திட்டித் தீர்த்தார்.

சின்னையன் வந்து கூடத்து முனையைப் பிடித்தார். அவருக்கும் தண்ணீர் எங்கோ நின்றது. டியூபை உதறினார், குமிழி தேடினார்.

"எனக்கே ஒண்ணும் புரியல சார்."

அந்த நேரம் சமையலறையில் லோகநாயகியின் போன் அடித்தது. கூடத்து டியூபில் தண்ணீர் சரசரவென்று இறங்கியது.

"எம்மா, என்ன பண்ணீங்க?"

"போன எடுத்தேன், அவ்ளோதான். அதுவரைக்கும் தண்ணி சிந்தக் கூடாதுன்னு டியூப் வாயக் கட்டைவிரலால மூடியிருந்தேன்."

"தூக்கிட்டுப் போறப்ப மூடலாம்மா. பார்க்கறப்ப எடுத்துடணும்."

விரலை எடுத்துப் பார்த்தபோது இரண்டு பக்கமும் தண்ணீர் கோட்டிலேயே நின்றது.

"கோவத்துல பேசிட்டேன் மேஸ்திரி, மனசுல வச்சிக்காதீங்க," என்றார் செம்பியன். "ஆனா மூடினா ஏன் நவுறல?"

"அது தெரியாது சார். மூடினா நவுறாது, அவ்ளோதான்."

"காத்து உள்ள மாட்டிக்குதோ என்னவோ," என்றாள் லோகநாயகி.

செம்பியன் போய் மூவருக்கும் ஜூஸ் வாங்கிவந்தார். லோகநாயகி ஸ்ட்ராவின் மேல் வாயை விரலால் மூடித் தூக்கினாள். ஜூஸ் உள்ளேயே நின்றது. விரலை எடுத்ததும் கொட்டியது. ஆனால் அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நின்றது.

"ஏங்க, இப்பதான் விரல் இல்லியே. மேலயும் காத்து, கீழயும் காத்து. மிச்சம் ஏன் விழல?"

செம்பியன் வாங்கிப் பார்த்தார். பள்ளியில் படித்த 'பரப்பு இழுவிசை' என்ற சொல் நினைவுக்கு வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்பது வரவில்லை.

"நாளைக்கு ஆபீஸ்ல யாரையாச்சும் கேக்கறேன்," என்றார்.

சின்னையன் இன்னொரு முறை, விரல் வைக்காமலே, ஸ்ட்ராவை ஜூஸில் முக்கித் தூக்கிப் பார்த்தார். அப்போதும் அடியில் ஒட்டிய மிச்சம் விழவில்லை.