ஏழாவது மெஷின்

அருண்குமார் எழுதிய புரோகிராமுக்கு மரியாதை கொஞ்சம் அதிகம். கோயமுத்தூர் கணபதியில் இருந்த ஆபீசில் ஆறு சர்வர்கள் இருந்தன. பல்லடம் பண்ணைகள் போன் வழியாகப் போடும் கோழிக்குஞ்சு ஆர்டர்களை ஆறும் பங்கு போட்டு வாங்கிக்கொண்டன. புரோகிராம் ஒவ்வொன்றையும் அடிக்கடி கூப்பிட்டு, "ஏனுங்க, இருக்கீங்களா?" என்று விசாரிக்கும். மூன்று தரம் கேட்டும் பதில் இல்லாவிட்டால் அந்த மெஷினை நீக்கிவிட்டு, அதன் வேலையை அடுத்த மெஷினிடம் தூக்கிக் கொடுத்துவிடும்.

"நீக்குன மெஷினு அப்பறம் எந்திரிச்சு வந்தா?" என்று கேட்டார் முதலாளி திருமலைசாமி.

"மறுபடி சேத்திக்கலாமுங்க."

"தப்புங்க தம்பி. ஷெட்டை உட்டு வெளிய போன கோழிய உள்ள உடவே கூடாது. எந்தச் சீக்கைத் தூக்கிட்டு வருதோ! வெளிய போனா வெளியதான்."

யோசித்துப் பார்த்தால் சரிதான். ஒரே வேலையை இரண்டு பேர் செய்தால் ஒரே பண்ணைக்கு இரண்டு லோடு குஞ்சு போய்ச் சேரும். அருண் அதையும் எழுதிவிட்டான்.

முதலாளிக்கு இன்னொரு சந்தேகம் மிச்சம் இருந்தது. "மெஷினை நீங்க பாத்துக்கறீங்க. உங்கள ஆரு பாத்துக்கறது?"

அப்படித்தான் அருண் ஏழாவது மெஷின் ஆனான். கேள்வி அவன் இடுப்புப் பேஜருக்கு வரும். எங்கிருந்தாவது ஆபீஸ் நம்பருக்குப் போன் அடித்தால் அதுவே பதில். அவனுக்கு அடுத்தது என்று பக்கத்து மேசைக் கிருபாவைப் போட்டான்.

"உங்க வேலை வந்தா வரட்டுங்க," என்றான் கிருபா. "உங்க வழுக்கை வராம இருந்தாச் சரி."

அடுத்த வாரம் சோமனூரில் அக்கா மகள் யுவஸ்ரீக்குக் காதுகுத்து. ஒரே தாய்மாமன் அருண். அவன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும்.

"டேய், நேரத்துக்கு வரலீனா மடிய வாடகைக்குப் புடிச்சுப்போடுவேன்," என்று அக்கா போனில் எச்சரித்தாள். பிறந்ததிலிருந்து அவனை 'டேய்' இல்லாமல் அவள் கூப்பிட்டதில்லை.

முதலாளியிடம் லீவு கேட்டான். "கோழி லீவு கேக்குதுங்களா?" என்றார். ஆகவே சொல்லாமல் கிளம்பினான். வழியில் எஸ்.டி.டி. பூத்துக்கா பஞ்சம்?

சூலூர் தாண்டி, பூத்தே இல்லாத சோளக்காட்டு நடுவில் பஸ் நின்றுபோனது. டிரைவர் பஸ்ஸுக்கு அடியில் படுத்துக்கொண்டார். பேஜர் துடித்தது.

ஏனுங்க, இருக்கீங்களா?

கொஞ்ச நேரத்தில் மறுபடியும். "இருக்கேன்," என்று பேஜரைப் பார்த்துச் சொன்னான். பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

மூன்றாவது தரமும் கேட்டது. அதற்குப் பிறகு அவன் எழுதவே எழுதாத ஒரு வரி வந்தது.

சரிங்க. நீங்க சிரமப்பட வேண்டாமுங்க.

சோமனூரில் இறங்கி ஓடினான். குழந்தையின் அலறல் தெருமுனையிலேயே கேட்டது. பந்தலுக்குள் யுவஸ்ரீ கிருபாவின் மடியில் இருந்தாள். அருணுக்கென்று அக்கா எடுத்துவைத்திருந்த பட்டுக்கரை வேட்டி கிருபாவின் இடுப்பில் இருந்தது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவனின் நெற்றியில் சந்தனம். அதற்கு மேலே முன்தலையில், நேற்று வரை இருந்த முடி இல்லை.

"அக்கா!"

அக்கா திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு. "வாங்க, வாங்க. நீங்க எங்க ஊட்டுக்காரர் பக்கமுங்களா?"

"அக்கா, நான் அருணு!"

"அப்படீங்களா? எந்தம்பி பேரும் அருணுதானுங்க." மடியில் குழந்தையோடு இருந்தவனைப் பெருமையாகக் காட்டினாள்.

கிருபா நிமிர்ந்தான். அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கண்ணில் அவ்வளவு பயம். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் அவன் இடுப்பில் பேஜர் துடித்தது. குழந்தையை அக்காவிடம் போட்டுவிட்டு, எதிர்க்கடை போனை நோக்கி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினான்.

யுவஸ்ரீ அருணைப் பார்த்து அழுகையை நிறுத்தினாள். அவளுக்கு ஆள் தெரிந்தது. இரண்டு கையையும் நீட்டினாள். அவனும் நீட்டினான்.

அக்கா மெதுவாகக் குழந்தையைத் தோளில் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"வெளியாளுககிட்டப் போகக்கூடாது கண்ணு," என்று அதன் முதுகைத் தட்டினாள். பிறகு அருணிடம், "தப்பா நெனைக்காதீங்க. பந்தி போட்டாச்சுங்க. இருந்து சாப்புட்டுட்டுத்தான் போகோணுமுங்க," என்றாள்.

அவ்வளவு மரியாதையாக அக்கா அவனிடம் பேசியதே இல்லை.