ஒத்தைக்கொம்பு மாட்டுக் கடன்

பொழுது புலர்வதற்குள் கரும்புக் கொல்லையில் கத்திச் சத்தம் தொடங்கிவிட்டது. பனியில் நனைந்த கரும்புச் சோகை கையைக் கிழித்தது. கீறலில் வியர்வை இறங்கி எரிந்தது. காசியம்மாள் அதையெல்லாம் பார்ப்பவளில்லை. குனிந்து அடியோடு வெட்டி, கொழுந்தைக் கழித்துப் போட்டபடி முன்னேறினாள். ஆலை லாரி வருவதற்குள் கட்டு கட்டியாக வேண்டும்.

அன்றைய வேகத்துக்குக் காரணம் இருந்தது. நடவு நேரத்தில் ரேடியோக்காரர்கள் வயலுக்கே வந்து அவளையும் கூட நடவு நட்ட அம்சவள்ளியையும் பாடவைத்துப் பதிவு செய்துகொண்டு போனார்கள். சங்கீதம் படித்தவர்களுக்குக் கொடுப்பதில் கால்வாசிதான் இவர்களுக்கு என்று கேள்வி. சேற்றில் நின்று பாடினால் குரலும் மட்டமாகிவிடும் போலிருக்கிறது. இருந்தாலும் அவள் குரலுக்கு வரும் முதல் கூலி. செக் பேங்குக்கு வந்துவிட்டதாம். ஒரு பெட்டை ஆட்டுக்குட்டி வாங்கிவிடுவாள்.

லாரி கிளம்பியதும் இருவரும் தியாகதுருகத்துக்குப் பஸ் பிடித்தார்கள். பேங்க் மேனேஜர் அரங்கநாதன் ஃபைலைப் பிரித்தார்.

"அந்தப் பணத்த ஒங்க மாட்டுக் கடன்ல வரவு வச்சாச்சும்மா."

"எந்த மாடு சார்?"

அவர் காட்டிய போட்டோவில் காசியம்மாள் ஒரு கறவை மாட்டின் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். மாட்டுக்கு ஒரு கொம்புதான்.

லோன் மேளாவில் கைநாட்டு வாங்கிக்கொண்டு எடுத்த போட்டோ. "சும்மா புடிக்கா, மாடு அப்பால வரும்" என்று கயிற்றைக் கையில் கொடுத்தவன் சொந்தச் சாதிக்காரன், கடன் தரகன் சின்னதுரை. பிறகு, கடன் மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள் என்று சொன்னவனும் அவனே. நம்பினாள். இட ஒதுக்கீடு கேட்டுச் சாதிசனம் மரத்தை வெட்டிப் போட்டுச் சாலையை மறித்த வாரத்தில், போலீசுக்குப் பயந்து ஓடிவந்த அவனை அடுப்படியில் ஒளித்துவைத்துக் கஞ்சி ஊற்றியவள் அவள். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்பார்களே, அது இதுதான்.

அந்தச் சின்னதுரை மேனேஜருக்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"மாடு எங்க தம்பி?"

"இங்க இன்னாக்கா பேச்சு? வூட்டுக்குப் போ. நம்ம சாதி மானம் போவுது."

"கடன் என் தலையில. மானம் மட்டும் நம்முளுதா?"

மேனேஜர் குறுக்கிட்டார். "கைநாட்டு இருக்கு, போட்டோ இருக்கு. மீதிய கட்டலன்னா ஜப்திதான்."

வேற்றாள் ஏமாற்றியிருந்தால் இரண்டு வசவோடு போயிருக்கும். இது நெஞ்சை அறுத்தது. போட்டோவைப் பிடுங்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். அங்கே காலனித் தெருப் பெண்கள் ஜப்தி நோட்டீசோடு காத்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, கமலா, போட்டோவை எட்டிப் பார்த்தாள்.

"இந்த ஒத்தக்கொம்ப நானுந்தான் புடிச்சிக்கினு நின்னேன்."

"நானும்" என்றாள் இன்னொருத்தி. ஊர்த்தெருவுக்கும் காலனிக்கும் ஒரே மாடு. தண்ணீர்க் குழாயைக்கூடத் தனித்தனியாக வைத்தவர்கள் மாட்டில் மட்டும் பேதம் பார்க்கவில்லை.

"யார் பேர்ல இன்னா கடன், அது யார் கைக்குப் போச்சுன்னு இந்த வாசல்ல நின்னு படிக்கச் சொல்லுவோம். எல்லாருமா கேப்போம்" என்றாள் காசியம்மாள்.

கமலா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "மறியலப்ப எங்க கூரை எரிஞ்சிது. ஒங்க தெருவுல ஒருத்தி எட்டிப் பாக்கல. இப்ப எங்களக் கூப்புடறியா?"

காசியம்மாள் போட்டோவை மடியில் செருகிக்கொண்டாள். "வந்திருக்கணும். சின்னதுரை பேச்சக் கேட்டுக் கதவச் சாத்திக்கினேன். தப்புதான். பக்கத்துல ஒக்கார எடம் குடு."

கமலா நகர்ந்து உட்கார்ந்தாள். காசியம்மாள் அமர்ந்தாள், தயங்கி நின்ற அம்சவள்ளியும் அமர்ந்தாள்.

கணக்கைப் படிக்கச் சொல்லி அவர்கள் குரல் கொடுக்க, மேனேஜர் வெளியே வந்தார். "நாளைக்குத் தனித்தனியா மனு கொண்டாங்க, பாக்கறேன்."

"தனித்தனியாத்தான் சார் ஏமாந்தோம்" என்றாள் கமலா.

சாயங்காலம் பியூன் பூட்டோடு வந்து நின்றான். வாசற்படி நெடுக ஊரும் காலனியும் கலந்து உட்கார்ந்திருந்தன. உள்ளேயிருந்து சின்னதுரை குரல் கொடுத்தான்.

"யக்கா, கொஞ்சம் வழி வுடு."

"கணக்கப் படிக்கச் சொல்லு தம்பி" என்றாள் காசியம்மாள். "கேட்டுட்டுப் போலாம்."

யாரும் எழுந்திருக்கவில்லை.