நூற்றிருபது, எண்பது

அண்ணி பேனா மூடியைக் கழற்றி, தாளை முழங்காலில் வைத்து நீவினாள்.

"இருங்க அண்ணி." தங்கை தாளை உருவிக்கொண்டாள்.

முன்னறையில் அண்ணன் கிடத்தப்பட்டிருந்தான். நாற்பத்து நான்கு வயது. கிடங்கில் மூட்டை தூக்குபவன். உருவத்தைப் பார்த்து எல்லோரும் 'பீரோ' என்பார்கள். நாலு மணிக்கு அமரர் வண்டி வரும். அவனைத் தூக்க உடன் வேலை பார்த்த பதினொரு பேரும் வாசலில் நின்றார்கள்.

கிடங்கு மேலாளர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். "ஒண்ணுமில்லம்மா. மூளையில ரத்தக்குழாய் வெடிச்சது இயற்கையா வந்தது, வேலையால இல்லன்னு ஒரு கையெழுத்து. டாக்டரே சொல்லிட்டாரு, உங்க ஆளுங்களுக்கு இது மத்தவங்களவிட ரெண்டு மடங்கு வருதாம். பிழைக்கிறதும் கம்மியாம். பரம்பரை."

"எங்க ஆளுங்கன்னா?"

"அதான்... மூட்டை தூக்குறவங்க."

"அது ஒரு பரம்பரையா சார்?"

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நாங்க கவனிக்காம விடலம்மா. ஆறு மாசம் முன்னாடிதான் எல்லாருக்கும் செக்கப். பின்னால இணைச்சிருக்கேன், பாரு. பிரஷர் நூத்தி இருபது, எண்பது."

தங்கை பின் தாளைப் புரட்டினாள். பகலில் தையற்கடையிலும் மாலையில் செவிலியர் உதவியாளர் வகுப்பிலும் இருப்பவள்; எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் நம்பமாட்டாள், தன்னையும் சேர்த்து. விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினாள். அண்ணன், நூற்றிருபது, எண்பது. அடுத்தவன், நூற்றிருபது, எண்பது. பன்னிரண்டு பேருக்கும் அதே. கீழே அலுவலகத்தார்: நூற்று நாற்பத்தாறு, நூற்று முப்பத்தொன்று, நூற்று அறுபத்திரண்டு. அந்த அறுபத்திரண்டுக்கு எதிரே, 'மாத்திரை கொடுக்கப்பட்டது.'

மறுபடி முதலிலிருந்து படித்தாள். தான்தான் தப்பாகப் படிக்கிறோமோ?

"ஒல்லியண்ணே, இங்க வாங்க."

கூட்டத்திலேயே பருமனானவர் உள்ளே வந்தார்.

"உங்களுக்கு பிரஷர் பாத்தாங்களா?"

"பாத்தாங்களே. பட்டை கைக்குப் பத்தல. 'கல்லு மாதிரி இருக்கீங்க, உங்களுக்கு எதுக்கு, போங்க'ன்னாங்க. நாங்களும் சிரிச்சுக்கிட்டே வந்துட்டோம்." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "பீரோதான் ஜாஸ்தி சிரிச்சான். 'என் கைக்கு இன்னும் பட்டை நெய்யலடா'ன்னான்."

தங்கை மேலாளரைப் பார்த்தாள். "உங்க கணக்கர் போன வருஷம் இப்படித்தானே விழுந்தாரு?"

"அவருக்கு நல்ல நேரம்மா. பிழைச்சுட்டாரு."

"உங்க ஜீப்புல போனாரு. அரை மணியில ஸ்கேன். எங்கண்ணன் திங்கக்கிழமை காலையில பேச்சு குழறி விழுந்தான். குடிச்சிருக்கான், தெளியட்டும்னு மூட்டை மேலயே படுக்க வச்சீங்க. மூணு மணி நேரம். அவன் குடிக்கவே மாட்டான் சார்."

"யாருக்கும்மா தெரியும்..."

"ஒல்லியண்ணன் சொன்னாருல்ல?"

"சொன்னேன் சார்," என்றார் ஒல்லி. "ரெண்டு தடவ சொன்னேன்."

மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

தங்கை உள்ளே போய்த் தன் பையை எடுத்துவந்தாள். இரண்டு வாரமாக அண்ணன் தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தான். நாளைக்கு, நாளைக்கு என்று இவள் தள்ளிப்போட்டு, திங்கட்கிழமை காலையில்தான் தையற்கடைக்குப் போகும் வழியில் பயிற்சிப் பள்ளியிலிருந்து பிரஷர் மெஷினையும் பெரிய பட்டையையும் கேட்டு வாங்கிவந்தாள். பட்டையின் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. பல்லால் கிழித்தாள்.

"கையை நீட்டுங்கண்ணே."

"இப்பவா பாப்பா? வண்டி வந்துடும்."

"நீட்டுங்க."

பட்டை முழுதாகச் சுற்றிவந்து ஒட்டிக்கொண்டது. மெஷின் முனகியது. எண்கள் ஏறின, நின்றன, இறங்கின. நூற்றுத் தொண்ணூற்றெட்டு, நூற்றுப் பதினான்கு.

"நல்லதா, கெட்டதா?" என்றார் ஒல்லி, சிரிக்க முயன்று.

அவள் இன்னொரு முறை அழுத்தினாள். ஏறக்குறைய அதேதான்.

அண்ணி எழுந்துவந்தாள். தங்கையின் கையிலிருந்த தாளை வாங்கி, எழுத்தில்லாத பக்கம் மேலே வரும்படி திருப்பி, அண்ணனின் கால்மாட்டில் வைத்தாள். பேனாவை நீட்டினாள்.

"எழுது."

வாசலில் வண்டி வந்து நின்றது. யாரும் அதை நோக்கிப் போகவில்லை. மீதிப் பத்துப் பேரும் வரிசையாக உள்ளே வந்து, ஒருவர் பின் ஒருவராக இடக்கைச் சட்டையைத் தோள்வரை சுருட்டத் தொடங்கினார்கள்.