ஒன்பதுக்கு ஏழு

1.

இந்தக் கதையில் வருகிற தம்பி நான்தான். இதைக் கடைசியில் திருப்பமாக வைத்திருக்கலாம். ஆனால் நீங்கள் நாலு கதை படித்தவர்கள். இரண்டாவது பத்தியிலேயே மோப்பம் பிடித்துவிட்டு, மிச்சத்தை என்மேல் பரிதாபப்பட்டுப் படிப்பீர்கள். அந்த அவமானம் வேண்டாம்.

கதை பிறந்த விதம் இதுதான்: நாங்கள் வீடு கட்டப் புறப்பட்டோம். வீடு கட்டுகிறவன் வேறு எதைப் பற்றியும் பேசமாட்டான். ஒரு பத்திரிகையில் கதை கேட்டார்கள். காதலைப் பற்றி ஆரம்பித்தேன். மூன்றாவது வரியில் கதாநாயகி, மாடிக்கு எத்தனை படி வருகிறது என்று கேட்டாள். கிழித்துப்போட்டேன்.

2.

கைவிட்ட தொடக்கங்கள்:

'அக்காவின் தையல் கடையில் அன்று' (எந்தக் கதையும் 'அன்று' போட்டு ஆரம்பிக்கக் கூடாது என்று நானே மேடையில் முழங்கியிருக்கிறேன்.)

'வீடு என்பது வெறும் செங்கல்லும் சிமெண்டும் அல்ல, அது' (செங்கல்லும் சிமெண்டும்தான். கட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.)

'தையல்காரி ஒருத்திக்கு ஒரு தம்பி இருந்தான். அவன் எழுத்தாளன், அதாவது' (வேண்டாம்.)

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். அதுவும் அக்காவின் பக்கம் நின்று சொல்கிறேன். பிளானில் கொடுக்காத இடத்தைக் கதையிலாவது கொடுப்போமே.

3.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம் "அளவு சரியா வரல" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவாள். மருந்துக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே அவளுடைய தையல் கடை இருந்தது. அடுத்த வருடம் அந்தக் கட்டடத்தை இடிக்கப்போவதாகச் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். இனி வீட்டிலிருந்துதான் தைத்தாக வேண்டும். அப்பா விட்டுப்போன மனை அக்கா பேரிலும் தம்பி பேரிலும் இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரே வீடாகக் கட்டுவது என்று முடிவானது.

இன்ஜினியர் போட்ட முதல் பிளானில் கீழே தெருப்பக்கம் அக்காவுக்கு ஓர் அறை, பன்னிரண்டுக்குப் பதினொன்று. தெருவைப் பார்த்து ஜன்னல், தெருவிலேயே திறக்கிற தனிக் கதவு. துணி கொடுக்க வருகிறவர்கள் வீட்டைச் சுற்றிப்பார்த்துக்கொண்டு வரவேண்டியதில்லை. மெஷினை எங்கே போடுவது, கட்டிங் மேசையை எங்கே போடுவது என்று அக்கா மனத்துக்குள் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். எல்லாம் பொருந்தியது. "நல்லா இருக்கு" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அங்கேதான் தப்புப் பண்ணினாள். நல்லா இருக்கிற பிளானைத்தான் மேம்படுத்துவார்கள்.

4.

முதலில் கார். வாங்காத கார்தான், ஆனாலும் நிற்க இடம் வேண்டுமே. அக்காவின் அறை ஒன்றரை அடி ஒதுங்கிக்கொண்டது. அடுத்தது மாடிப்படி. அது வரவேற்பறையில் இருந்தால் பார்வைக்கு நன்றாக இல்லை என்று தம்பியின் நண்பர் ஒருவர் சொன்னார் (சொந்த வீடு இல்லாதவர்). படி நகர்ந்தது, அக்காவின் அறையில் மூன்றடியைக் கடித்துக்கொண்டு. பிறகு காற்றோட்டம். காற்றோட்டத்தை எதிர்த்து யார் பேச முடியும்? ஒவ்வொரு முறையும் இன்ஜினியர், "சின்ன அட்ஜஸ்ட்மென்ட்தான் சார்" என்பார். தம்பியும் பெருந்தன்மையோடு தலையாட்டுவான். அவனுடைய அறை மட்டும் எந்த அட்ஜஸ்ட்மென்டிலும் சின்னதாகவில்லை என்பது தற்செயல்.

அவன் அறை முதலில் மாடியில் எட்டுக்கு எட்டாக இருந்தது. மாடியில் வெயில் அடிக்கும், வெயிலில் வாக்கியம் வராது என்று அது கீழே இறங்கியது. 'எழுதுகிறவனுக்குத் தெரு தெரியணும்' என்று இன்ஜினியரிடம் விளக்கவே, அது முன்பக்கம் வந்து உட்கார்ந்தது. (நான் திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டுதான் எழுதுவேன். அது வேறு விஷயம்.)

அக்கா பின்னால் போனாள். காகிதத்தில் 'அக்கா அறை' என்று இருந்தது 'தையல் அறை' ஆயிற்று. பிறகு 'தையல் / விருந்தினர்'. ஒன்பதாவது பிளானில் 'பொது உபயோகம்'.

(அடிக்குறிப்பு: முதல் வரைவில் இதையெல்லாம் தம்பியின் மனைவி செய்ததாக எழுதியிருந்தேன். கதைகளில் பழகிய ஏற்பாடு, யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அவள் வாங்கிப் படித்துவிட்டு, "நான் கேட்டது சமையலறைக்கு ரெண்டாவது ஜன்னல் ஒண்ணுதான். அதையும் ஆறாவது பிளான்ல எடுத்துட்டீங்க" என்றாள். அவள் கணக்கு டீச்சர். ஆறாவதா ஏழாவதா என்று அவளிடம் வழக்காட முடியாது.)

5.

ஒன்பதாவது பிளானில் கையெழுத்து வாங்கத் தம்பி கடைக்குப் போனான். மனையில் அவளுக்கும் பாத்தியதை இருக்கிறதே, அவள் கையெழுத்தில்லாமல் அனுமதிக்கு அனுப்ப முடியாது. அக்கா ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். அவன் பேனா மூடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்து, இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று இடம் காட்டினான்.

அக்கா பேனாவை வைத்துவிட்டு, காகிதத்தைக் கட்டிங் மேசையில் விரித்தாள். தன் அறையைத் தேடினாள். கிடைக்கவில்லை. தம்பி விரலால் தொட்டுக் காட்டினான்.

"ஒரு இஞ்சுக்கு எத்தனை அடி?"

எட்டடி என்றான். கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து வைத்துப் பார்த்தாள். ஒரு பக்கம் ஒன்றேகாலுக்கு அரைக்கால் குறைவு, இன்னொரு பக்கம் ஓர் இஞ்சுகூட வரவில்லை. ஒன்பதுக்கு ஏழு. தன்னிடம் அளவே எடுக்காமல் யாரோ தைத்துக் கொண்டுவந்த சட்டையை, போட்டுக்கோ, சரியாகத்தான் இருக்கும் என்று நீட்டுவதுபோல அவளுக்கு இருந்தது. (இந்த உவமை என்னுடையது. எப்படி இருந்தது என்று அக்காவிடமே கேட்டேன். "எரிச்சலா இருந்துச்சு" என்றாள். அவ்வளவுதான்.)

கையெழுத்துப் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் மனைக்கு வரவேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.

6.

போய்ப் பார்த்தால், மனை முழுக்க வீடு கிடந்தது. வெட்டி மிஞ்சிய துணிகளை நீளநீளமாகக் கிழித்து, ஆணி அடித்து, ஒன்பதாவது பிளானைத் தரையில் அப்படியே இழுத்துக் கட்டியிருந்தாள். சுவருக்குச் சிவப்பு, ஜன்னலுக்கு நீலம், கதவுக்குப் பூப்போட்ட துணி. விடிந்ததிலிருந்து ஒற்றை ஆளாகச் செய்திருக்கிறாள்.

அவரவர் அறைக்குப் போய் நிற்கச் சொன்னாள். தம்பி மகள் தன் அறையில் மல்லாந்து படுத்துக் கைகாலை நீட்டிப் பார்த்துவிட்டுத் திருப்தியாக எழுந்தாள். மனைவி சமையலறையில் நின்று, இல்லாத ஜன்னல் பக்கம் ஒருமுறை திரும்பினாள். தம்பி முன்னறையில் கையைக் கட்டிக்கொண்டு தெருவைப் பார்த்தான். கம்பீரமாகத்தான் இருந்தது.

அக்கா தன் அறைக்குள் செய்தித்தாளில் வெட்டிய அளவுகளை விரித்தாள். இது கட்டில். இது மெஷின். இது கட்டிங் மேசை. இது பீரோ. நாலும் உள்ளே வந்துவிட்டன. அவள்தான் வெளியே நின்றாள். அவள் நிற்க உள்ளே இடமில்லை.

தம்பிக்கு அப்போது ஏதாவது சொல்லியாக வேண்டியிருந்தது. சொன்னான்.

"இப்ப அப்படித்தான்க்கா தெரியும். சுவர் எழும்பினா பெருசாத் தெரியும்."

"வெட்டும்போது சின்னதா இருக்கற துணி, தைச்சா இன்னும் சின்னதாத்தான்டா ஆகும்."

(இங்கே அக்காவுக்கு ஒன்றரைப் பக்கம் வசனம் எழுதிவைத்திருந்தேன். பெண்ணின் இடம், உழைப்பின் இடம் என்று. படிக்கிறவர்கள் அடிக்கோடு போடுவார்கள். ஆனால் அவள் பேசியது அந்த ஒரு வரிதான்.)

பிறகு, தனக்கு அறையே வேண்டாம், வேறு கடை பார்த்து அங்கேயே தங்கிக்கொள்கிறேன், கையெழுத்தைப் போட்டுவிடுகிறேன் என்று பேனாவைக் கேட்டாள். குரலில் கோபம் இல்லை. வேலையைச் சீக்கிரம் முடிக்க நினைக்கிறவளின் குரல்தான்.

தம்பிக்கு அப்பாடா என்று இருந்தது. இதை எழுதாமல் விடலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். அப்பாடா என்றுதான் இருந்தது.

மனைவிதான் குறுக்கே வந்தாள். அக்காவைப் பார்த்து அல்ல, தம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கையெழுத்துப் போடாதீங்க அண்ணி."

அக்கா வாங்கிய பேனாவைத் தம்பியிடமே திருப்பிக் கொடுத்தாள். கண் கலங்கியதா என்று தெரியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு குனிந்து ஆணிகளைப் பிடுங்கினாள். வாங்காத காரை ஒதுக்கி, மாடிப்படியை வரவேற்பறைக்கே திருப்பி அனுப்பி, முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவே இருந்த சிவப்புத் துணியை நகர்த்திக் கட்டினாள். இரண்டும் ஒரே அளவு. போகிறபோக்கில் சமையலறையில் ஒரு நீலத்துணியும் கட்டினாள்.

"இப்படிப் போட்டுட்டு வரச்சொல்லு, கையெழுத்துப் போடறேன். அறைக்குப் பேர் எழுத வேண்டாம்."

எது யாருக்கு என்று தம்பி கேட்டான்.

"கொத்தனார் கேக்கும்போது நீயே சொல்லு."

7.

பத்தாவது பிளான் அனுமதி வாங்கி, இப்போது சுவர் இடுப்பளவு எழும்பிவிட்டது. முன்னறையில் தெருப்பக்கம் கதவுக்கு இடம் விடுவதா, அடைத்துவிட்டுப் பெரிய ஜன்னல் வைப்பதா என்று கொத்தனார் நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். கதவு என்றால் அக்கா. ஜன்னல் என்றால் நான்.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: தம்பி கண்ணீர் மல்க, "முன்னறை உனக்குத்தான்க்கா" என்கிறான். மழை பெய்கிறது. (பெய்தால் மூட்டை சிமெண்டும் கட்டியாகிவிடும்.)

இரண்டு: "நீயே வச்சுக்கடா" என்று அக்கா விட்டுக்கொடுக்கிறாள். தியாகம், பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். அக்கா படித்தால் கத்தரிக்கோலோடு வருவாள்.

மூன்று: மனைவி சொல்லிவிடுகிறாள். இது எனக்கு வசதி. அவளிடம் கேட்டும் பார்த்தேன். "உங்ககிட்டதான கேட்டாங்க" என்று விடைத்தாள் திருத்தப் போய்விட்டாள்.

நான்கு: காலம் கடந்து, அந்த வீட்டில், தம்பி

கொத்தனார் போனில் கூப்பிடுகிறார். எடுத்துப் பேசினேன். ஒரே வார்த்தைதான், சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. முடிவை வாசகரிடம் விடுவது நவீனக் கதையின் பண்பு. நல்லதாக ஒரு பதில் சொல்லியிருந்தால் இந்த ஆள் அதை எழுதாமல் இருப்பானா என்று நீங்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது.